பூஜையில் வைத்த பெட்ரோல்

ஜூலை 24, புதன்

கொள்ளிடத்தின் நடுவே கோரைத்திட்டு என்று ஒரு பேரரசு இருக்கிறது. நாற்பத்தோரு வீடு, நூற்றிப்பத்து ஆடு, ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை. அதன் கடற்படைத் தளபதி கோதண்டபாணியாகிய நான், இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். பின்னால் வரும் சந்ததிக்கு ஆதாரம் வேண்டுமல்லவா?

கடற்படை என்றால் ஒரு படகு. போன வருஷ வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த ஃபைபர் படகு, அதன் பின்னால் மாட்டும் மோட்டார், இருபது லிட்டர் கேனில் பெட்ரோல். "யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். என் தலை வேப்பமரத்துக்கு மேலே தெரிந்தது என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

மேட்டூர் நிரம்புகிறதாம். நிரம்பட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

சாயங்காலம் வழக்கம்போல அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அஞ்சம்மாள் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மச்சான் வைத்திலிங்கம் வாசல் நாற்காலியில். நாலு வருஷமாக அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். நாலு பக்கமும் ஆறு, நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அளந்த தண்ணீர்.

தினமும் ஒரே கேள்வி கேட்பார்.

"மாப்ள, ஆத்துல தண்ணி எவ்ளோ?"

"யானை முழுகும் மச்சான். முழுகுன யானை மேல இன்னொரு யானை ஏறி நின்னா அதுக்குத் தும்பிக்கை மட்டும் தெரியும்."

உண்மையில் கணுக்கால் அளவுதான். முந்தாநாள் வெள்ளிக்கிழமைதான் அவரை மொபெட்டில் வைத்து மணலிலேயே ஓட்டிக்கொண்டு போய் வந்தவன் நான். அவருக்கும் தெரியும். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"சிரிக்க வெக்காதடா அவர" என்று அக்கா உள்ளேயிருந்து திட்டினாள்.

அவர்கள் மகள் சுகுணா அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். சிதம்பரத்தில் பைக் சர்வீஸ் சென்டரில் வேலை. எந்த வண்டிக்கு என்ன கோளாறு என்று எழுதிப் பிரித்துக் கொடுக்கும் உத்தியோகம். பையை இறக்குவதற்கு முன்பே கேட்டாள்:

"மாமா, அந்த கேன் பெட்ரோல் எப்ப வாங்குனது?"

"போன ஆயுத பூஜைக்கு."

"பத்து மாசமா?"

"பத்து மாசமோ பத்து யுகமோ, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, கற்பூரம் காட்டி வெச்ச பெட்ரோல். பூஜையில வெச்சத தொடக்கூடாதுன்னு ஒரு சொட்டு எடுக்கல. அது கெடுமா?"

"சாமிக்கு வெச்ச பொங்கலே மறுநாள் ஊசிப்போவுது மாமா."

மச்சான் மறுபடி சிரித்தார். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

ஜூலை 31, புதன்

சுகுணா விடுகிற மாதிரி இல்லை. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களாம். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்குமாம். ஆற்றங்கரைக் கொட்டகையில், தகர வெயிலுக்குக் கீழே வைத்தால் கேட்கவே வேண்டாமாம். ரெண்டு மாசம் நிறுத்தி வைத்த பைக்கையே கார்புரேட்டர் அடைத்துக்கொண்டதென்று தள்ளிக்கொண்டு வருகிறார்களாம்.

"தண்ணி வந்துட்டா அப்பாவ இந்தப் படகுலதான் கூட்டிட்டுப் போவணும். அதுக்குத்தான் கேக்குறேன்" என்றாள்.

விஞ்ஞானத்துக்கு விஞ்ஞானத்தாலேயே பதில் சொன்னேன். டீக்கடை வாசலில், ஊர் பார்க்க, தேங்காய்ச் சிரட்டையில் ரெண்டு ஸ்பூன் பெட்ரோல் ஊற்றித் தீக்குச்சி கிழித்தேன். குப்பென்று பிடித்தது. சுவாலை சிதம்பரம் கோபுரம் வரை தெரிந்திருக்கும். என் வலது புருவத்தில் பாதி போயிற்று. விஞ்ஞானிக்கு இதெல்லாம் சகஜம்.

கைதட்டினார்கள். சுகுணா தட்டவில்லை.

"கொளுத்துனா எரியும் மாமா. எரியறது வேற, எஞ்சின் ஓடறது வேற. புதுசா வாங்கிடலாமே."

கேனில் பெட்ரோல் வேண்டுமென்றால் பங்க்கில் கொடுக்க மாட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கடிதம் வாங்கிப் போக வேண்டும். அவர் காரணம் கேட்பார். பூஜையில் வைத்த பெட்ரோல் கெட்டுவிட்டது என்று கோதண்டபாணி போய் நிற்பதா? அதே அலுவலர் முன்னால்தான் போன வருஷக் கூட்டத்தில், "என் கையில ஒப்படைச்ச பெட்ரோல் நூறு வருஷம் ஆனாலும் கன்னி கழியாது" என்று பேசியிருக்கிறேன்.

வார்டு மெம்பர் தனகோடி நல்ல யோசனை சொன்னார். "பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு ஊரே கரைக்கு வரும். அன்னிக்கு ஓட்டிக் காட்டிடு. சந்தேகம் தீந்துடும்."

ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. கழி ஊன்றிப் படகைத் தள்ளி மச்சானை அக்கரை சேர்த்தோம். சுகுணா ஆஸ்பத்திரியிலேயே இருந்து கூட்டி வந்தாள்.

மத்தியானம் ஊர் தூங்கும் நேரத்தில் கொட்டகையில் ஒரு சிறு ஒத்திகை. டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி, கேன் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். நாற்பது இழுப்பு. மோட்டாருக்கு இன்று மனமில்லை. வெயில் காரணமாக இருக்கலாம். மூடியைத் திறந்தால் வார்னிஷ் கடை வாசலில் நிற்பது போல ஒரு வாடை. என் மூக்குக்கும் வெயில்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப் பதினெட்டு

விடிவதற்கு முன் எழுந்து மொபெட்டைத் துடைத்தேன். பழைய வண்டி. அதற்கும் படகு மோட்டாரைப் போலவே பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். இது ஒரு பொதுத் தகவல்.

காலையில் கோரைத்திட்டே கரையில் இருந்தது. பெண்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அக்கா புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிவந்திருந்தாள். மச்சானை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்திருந்தோம். டிரம்மில் மோட்டார். அதற்கு எலுமிச்சை, மாலை. பக்கத்தில் கேன், அதற்கும் மாலை. தனகோடி தேங்காய் உடைத்தார்.

இன்றைக்குப் போய் மோட்டார் ஓடவில்லை என்றால் அது ஒரு மோட்டார் ஓடாத விஷயமாகவா இருக்கும்? பெருக்கு அன்றைக்கே அபசகுனம் என்பார்கள். வருஷம் முழுக்க எந்த ஆடு செத்தாலும் என் தலையில் விழும்.

கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பு! உறுமியது பாருங்கள், வங்காள விரிகுடா ஒரு அடி பின்வாங்கியது. டிரம் தண்ணீர் பொங்கித் தனகோடியின் வேட்டியை நனைத்தது. குலவை போட்டார்கள்.

"என்னாம்மா சர்வீஸ் சென்டரு, மோட்டாரு ஓடுது போல?" என்று டீக்கடைக்காரர் சுகுணாவைச் சீண்டினார். "கெட்ட பெட்ரோலு இந்த ஓட்டம் ஓடுனா நல்ல பெட்ரோலு ஊத்துனா பறக்கும் போல!" என்று இன்னொருவர். நானும் விடவில்லை. "அடுத்த வருஷம் மேட்டூர் அணையில தண்ணி இருக்கான்னு பாக்குறதுக்கும் நம்ம சுகுணாவத்தான் அனுப்பணும்" என்றேன். பெரிய சிரிப்பு.

அவள் முகம் சிவந்து போயிற்று. பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றைப் பாதி எடுத்தாள், பார்த்தாள், மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள். "நான்தான் தப்பா சொல்லிட்டேன் மாமா" என்றாள்.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. புளிச்சோறு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பால் வாங்கக் கிளம்பினேன். மொபெட் பாதி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் முழுசாக வந்துவிட்டது. நுரையும் மரக்கிளையுமாகப் போகிறது. கரையில் நட்ட அளவுக் கம்பைக் காணோம். கழி போட்டுப் பார்த்தேன், தரை தட்டவில்லை.

சுகுணா வந்தாள். "மாமா, அப்பாவ இன்னிக்கே கரைக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா? இப்பவே போனா வருவாய்த் துறை படகு மத்தியானம் வரைக்கும் ஆள் ஏத்துது. நைட்டு பெரியம்மா வீட்ல தங்கிட்டு காலையில ஆஸ்பத்திரி போயிடலாம்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரி" என்று. மூன்று எழுத்துகூட இல்லை.

"தாய்மாமன் ஒருத்தன் கடற்படை வெச்சிட்டு இருக்கும்போது அடுத்தவன் படகுல ஏறுவியா? உங்கப்பா என்னா அகதியா?" என்றேன்.

சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் எதிர்த்துப் பேசுவதில்லை. "சரி மாமா, நீங்க சொன்னா சரி."

டேங்கில் கேன் பெட்ரோலை ஊற்றி வைத்தேன். ஒரு தடவை ஓடிய மோட்டார் மறுபடியும் ஓடும். வழி பழகியிருக்கும் அல்லவா.

ஆகஸ்ட் 7, புதன்

ஆஸ்பத்திரி வராந்தா. நேற்று எழுதவில்லை. கை தோல் உரிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். பேனா பிடிக்கச் சிரமம். இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஏழு மணி. படகில் மச்சான், சுகுணா, நான். அக்கா ஆடுகளோடு மேட்டில் நின்றுகொண்டாள். முதல் இழுப்பிலேயே மோட்டார் பிடித்தது. அக்காவைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். "பாத்தியாக்கா!" என்று கத்தினேன்.

மூன்று நிமிஷம் ஓடியிருக்கும். நடு ஆறு. மோட்டார் ஒரு முறை இருமியது. பிறகு இரண்டு முறை. பிறகு ஆற்றின் சத்தம் மட்டும்.

இழுத்தேன். இழுத்தேன். கழி எட்டவில்லை. இரண்டு துடுப்பு இருந்தது, சுகுணா ஒன்று, நான் ஒன்று. அந்த இழுப்பில் துடுப்பு தேக்கரண்டி மாதிரி. படகு தானாகச் சுற்றியது. மச்சான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, "பதறாத மாப்ள, பதறாத" என்றார்.

இரண்டு மைல் கீழே ஒரு மணல் மேட்டில், நாணல் புதருக்குள் போய்ச் சொருகிக்கொண்டோம். சுகுணா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். மற்றத் திட்டுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கிறோம், வருகிறோம் என்றார்கள்.

அவள் கேனைத் திறந்து மோந்து பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, கேனின் அடியிலிருப்பதை அதில் கவிழ்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே மஞ்சள். கீழே அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இரண்டு விரற்கடை. நடுவில் கோடு போட்டது போலப் பிரிந்து நின்றது.

"இதுல ஓடாது மாமா. சான்ஸே இல்ல. காலையில ஸ்டார்ட் ஆனது குழாயில மிச்சம் இருந்த நல்ல பெட்ரோல்ல. அது தீர்ந்ததும் நின்னுடுச்சு." பாட்டிலைக் கீழே வைத்தாள். "அந்த நல்ல பெட்ரோல் குழாய்க்குள்ள எப்பிடி வந்துச்சு?"

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"சனிக்கெழம எப்பிடி ஓடுச்சு மாமா?"

"பதினெட்டாம் பெருக்கு. காவேரித்தாய் ஓட்டுனா" என்றேன்.

இதைத்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

அவள் அப்பா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஏற்கெனவே மூன்று நாள். பதினொரு மணிக்கு மச்சானுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சாய்த்தால் திணறினார். உட்காரவைத்து என் முதுகை அவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்தேன். ஐந்து மணி நேரம் அவர் இழுத்த ஒவ்வொரு மூச்சும் என் முதுகில் தெரிந்தது.

நாலு மணிக்குப் படகு வந்தது. இங்கே கொண்டு வந்ததும் நேராகத் தீவிர சிகிச்சைக்கு எடுத்துப் போனார்கள். நுரையீரலில் நீர் கோர்த்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆபத்து நீங்கியது என்றார் டாக்டர். ஆனால் இதயம் பழுதாகியிருக்கிறது, இனி வாரம் மூன்று முறை வர வேண்டும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கக்கூடாது என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

என்னை உள்ளே விட்டார்கள். ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டுப் பேசினார் மச்சான்.

"மாப்ள, புருவம் இன்னும் மொளைக்கலையே."

"மொளைக்கும் மச்சான்."

"பெருக்கு அன்னிக்கு விடிகாலையில நான் முழிச்சுதான் இருந்தேன். எனக்கு ஏது தூக்கம்? ஜன்னல் வழியா பாத்தேன். மொபெட்டு டேங்க்லேருந்து குழாய் போட்டு உறிஞ்சின. வாயில போயி துப்பின. ரெண்டு தடவ."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சேவா ஏறுனீங்க?"

"ஊரு முன்னாடி புள்ளையப் பாத்து எல்லாரும் சிரிச்சப்பவே சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீ அப்பறம் எப்பிடிடா இந்த ஊர்ல நடப்ப? அதுக்குள்ள புதுசு வாங்கி மாத்திடுவ, ராத்திரியோட ராத்திரியா எதாவது பண்ணிடுவன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினார். "உன்ன நம்பிட்டேன் மாப்ள. நீ பொய் சொல்லுவ, ஆனா விட்டுட மாட்டன்னு."

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

சுகுணாவிடம் சொல்லிவிட்டேன். வராந்தா பெஞ்சில். சிரட்டை, ஒத்திகை, நாற்பது இழுப்பு, மொபெட், எல்லாம். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு பையைத் திறந்து மடித்த காகிதத்தைக் கொடுத்தாள்.

கிராம நிர்வாக அலுவலரின் கடிதம். கோரைத்திட்டு மீட்புப் படகுக்கு இருபது லிட்டர் பெட்ரோல் கேனில் வழங்கலாம் என்று. முத்திரை, கையெழுத்து. தேதி ஆகஸ்ட் ஒன்று.

"வெள்ளிக்கெழமையே எங்கையில இருந்துச்சு. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நானே போயி வாங்குனேன். காரணம் கேட்டாரு. கூடுதலா வேணும்னு மட்டும்தான் சொன்னேன், கெட்டுப்போச்சுன்னு சொல்லல. சனிக்கெழம சாயங்காலம் போயி வாங்கிட்டு வர்றதா இருந்தேன்."

"அப்பறம் ஏன்..."

"ஓடுச்சே மாமா. எல்லார் முன்னாடியும் ஓடுச்சே. எனக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நெனச்சிட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 2, திங்கள்

ஆற்றில் தண்ணீர் வடிந்துவிட்டது. அக்கா வீட்டுச் சாமானை மாட்டு வண்டியில் ஏற்றினோம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். ஆடுகளை அக்கா என்னிடம் விட்டுப் போனாள். வாசல் நாற்காலி அந்த அறைக்குள் நுழையவில்லை. திருப்பிக் கொண்டு வந்து பழைய இடத்திலேயே போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வேப்பமரத்தடியில் கூட்டம். எழுந்து நின்று சொன்னேன். சுகுணா சொன்னது சரி, நான் செய்தது மோசடி என்று. நடுவில் ஓர் ஆள் சிரித்தான், வழக்கமான கதை என்று நினைத்திருப்பான். முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நீயே பாத்துக்க. இனிமே ஒழுங்கா பாத்துப்ப" என்றார் தனகோடி.

அக்டோபர் 9, புதன்

கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். அந்தப் பழைய கடிதம் செல்லாதாம். புதிதாக விண்ணப்பம் எழுதச் சொன்னார். காரணம் என்ற இடத்தில், "பழைய பெட்ரோல் என் பொறுப்பில் கெட்டுவிட்டது" என்று எழுதினேன். படித்துவிட்டு ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பழைய கடிதத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

கேனுக்குச் சந்தனம் வைக்கவில்லை. பெயிண்டில் தேதி எழுதினேன். மூன்று மாதம் ஆனதும் மிச்சத்தை மொபெட்டில் ஊற்றிக்கொண்டு புதிது வாங்க வேண்டும்.

சுகுணா பழைய வீட்டைக் கூட்டிப் பொட்டு வைத்துவிட்டுப் போக வந்தாள். கேனைத் திறந்து மோந்தாள். தேதியைப் படித்தாள். "ம்" என்றாள். திரும்பும்போது ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்ததால் படகில் கொண்டுபோய் விட்டேன். நடு ஆற்றில் அந்த இடம் வந்ததும் இரண்டு பேரும் மோட்டாரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். அது நிற்கவில்லை. கரையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், "மழைக்கு முன்னாடி கொட்டகைக்கு ஓலை போடுங்க" என்றாள். மாமா என்று சொல்லவில்லை. ஆனால் பேசினாள்.

சாயங்காலம் மச்சான் போன் செய்தார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"மாப்ள, ஆத்துல தண்ணி எவ்ளோ?"

மோட்டார் தரை தட்டாமல் வந்த ஆழத்தை நினைத்துப் பார்த்தேன்.

"இடுப்பளவு மச்சான்."

அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"அவ்ளோதானா?"

யானையைத் தேடினேன். வரவில்லை.

"அவ்ளோதான் மச்சான்" என்றேன்.